வீட்டுக்கு ஒரு 9 மி.மீ. கார்பைன்: எதைப் பார்த்து வாங்குவது

டல்லாஸுக்கு வடக்கே நாங்கள் இருக்கும் பகுதியில் புதிதாக வீடு வாங்கி வரும் தமிழ்க் குடும்பங்கள் அதிகம். கொஞ்சம் பழகியதும் அவர்களில் யாராவது தயங்கித் தயங்கிக் கேட்பார்கள்: "பாதுகாப்புக்கு ஒரு துப்பாக்கி வாங்கலாம்னு இருக்கோம், எது நல்லது?" கேட்பவர் பெரும்பாலும் வாழ்நாளில் துப்பாக்கியைத் தொட்டதே இல்லாதவராக இருப்பார். கடையில் போய் நின்றால் அவர் கையில் முதலில் கொடுக்கப்படுவது ஒரு சின்னக் கைத்துப்பாக்கி. என் பதில் வேறு: பிஸ்டல் தோட்டாவையே சுடும், தோளில் வைத்துப் பிடிக்கும் ஒரு கார்பைன். அதிலும் 9 மி.மீ.

இது முழுக்க அமெரிக்காவில் இருப்பவர்களுக்கான பேச்சு. இந்தியாவில் 9 மி.மீ. பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட ரகம். அங்கே இந்த யோசனைக்கே இடமில்லை.

பிஸ்டலுக்கும் நீளத் துப்பாக்கிக்கும் ஒரே தோட்டா என்பது புது யோசனை அல்ல. 1873-இல் வின்செஸ்டர் வெளியிட்ட லீவர் ரைஃபிள் .44-40 தோட்டாவைச் சுட்டது. சில வருடங்களில் கோல்ட் நிறுவனம் தன் ரிவால்வரையும் அதே தோட்டாவுக்குச் செய்தது. இடுப்பில் ஒன்று, குதிரைச் சேணத்தில் ஒன்று, பெல்ட்டில் ஒரே வகைத் தோட்டா. கடை கண்ணி இல்லாத நாட்டுப்புறத்தில் அது பெரிய வசதி. இன்று 9 மி.மீ. அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது. அது கிடைக்காத கடையே இல்லை. சாதாரண நாட்களில், இங்கே பரவலாக விற்கும் ஏஆர்-15 ரைஃபிள் சுடும் 5.56 தோட்டாவைவிட விலையும் நன்றாகவே குறைவு. 2020, 2021-இல் அதுவும் அலமாரியிலிருந்து காணாமல் போனது உண்டு. ஆனால் அப்போது எல்லாமே காணாமல் போயிருந்தது.

கைத்துப்பாக்கியைவிடக் கார்பைன் ஏன் மேல் என்பதற்கு முதல் காரணம் மிக எளிது: குறி தவறுவது குறையும். பிஸ்டலை உடம்பு இரண்டு கையால் மட்டும்தான் தாங்குகிறது. விரலைச் சற்று வெடுக்கென்று இழுத்தாலே ஏழு கெஜத்தில் குண்டு நான்கு அங்குலம் கீழே போகும். கார்பைனில் இரண்டு கை, தோள், கன்னம் என நான்கு இடத்தில் பிடிமானம். எடையும் மூன்று மடங்கு. புதிதாக வருபவரைச் சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குக் கூட்டிப்போய் இரண்டையும் கொடுத்துப் பார்த்தால் வித்தியாசம் காகிதத்தில் அப்படியே தெரியும். பிஸ்டலில் காகிதம் முழுக்கச் சிதறியவர், கார்பைனில் உள்ளங்கை அகலத்துக்குள் கொண்டுவந்துவிடுவார். கைநடுங்கும் இரவில் யாருக்கும் புதுத் திறமை வந்துவிடாது. இருக்கிற திறமையும் பாதியாகும். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு எதைச் சரியாகச் சுட முடியும் என்பதே கேள்வி.

இனி அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். நீளமான குழல் 9 மி.மீ. தோட்டாவை ரைஃபிள் ஆக்கிவிடாது. நான்கு அங்குலக் குழலில் நொடிக்குச் சுமார் 1,150 அடி வேகத்தில் போகும் 115 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டு, 16 அங்குலக் குழலில் 1,300 அடியைத் தொடும். கனமான 147 கிரெய்ன் குண்டுக்கு வேகம் சிறிதளவே கூடும். ஏஆர்-15-இல் 5.56 குண்டு 3,000 அடி வேகத்தில் கிளம்புகிறது, 9 மி.மீ. கார்பைனைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஆற்றலோடு. .357 மேக்னம் மாதிரி மெதுவாக எரியும் வெடிமருந்து நிறைந்த ரிவால்வர் தோட்டாவுக்கு நீளக் குழல் உண்மையிலேயே கைகொடுக்கும், வேகம் நொடிக்கு 400 அடிக்கு மேலும் ஏறும். மார்லின் 1894 போன்ற லீவர் ரைஃபிளில் அதைச் சுட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 9 மி.மீ.-இன் மருந்தோ சீக்கிரமே எரிந்து தீர்ந்துவிடும்.

அமெரிக்கப் போலீஸ் இந்த வகைத் துப்பாக்கியை விட்டு நகர்ந்ததும் இதனால்தான். 1980-இல் லண்டன் ஈரான் தூதரக மீட்பில் எம்பி5 என்ற 9 மி.மீ. இயந்திரத் துப்பாக்கி உலகப் புகழ் பெற்றது. அதன் பிறகு சிறப்புப் படைகள் எல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தன. 1997-இல் லாஸ் ஏஞ்சல்ஸின் நார்த் ஹாலிவுட்டில் உடல் கவசம் அணிந்த இரண்டு வங்கிக் கொள்ளையர்களைப் போலீஸின் பிஸ்டலும் ஷாட்கன்னும் நிறுத்த முடியாமல் போனது. ரோந்து வண்டிகளில் 5.56 ரைஃபிள் ஏறியதற்கு அந்த நாள் பெரிய காரணம். ரூகர் நிறுவனம் 1990களின் நடுவில் போலீஸுக்கென்றே ஒரு 9 மி.மீ. கார்பைன் கொண்டுவந்தது. எதிர்பார்த்த அளவு எடுபடாமல் பத்து வருடத்தில் நிறுத்திவிட்டார்கள். ஆனால் கவசம் போட்டவனை நூறு கெஜத்தில் நிறுத்த வேண்டிய தேவை நமக்கு இல்லை. நம் வீட்டின் மிக நீண்ட பார்வைக் கோடே பதினைந்து கெஜத்தைத் தாண்டாது.

சுவர் விஷயத்துக்கு வருவோம். நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். "பிஸ்டல் குண்டு மெதுவானது, சுவரைத் தாண்டாது" என்று பலர் நம்புகிறார்கள். தவறு. அமெரிக்க வீட்டின் உள்சுவர் என்பது அரை அங்குல ஜிப்சம் அட்டை இரண்டு, நடுவே வெற்றிடம். அங்கங்கே ஒரு மரச்சட்டம், அவ்வளவுதான். 1986-இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்பிஐ இரண்டு பேரை இழந்தது. அதன் பிறகு, நல்ல தற்காப்புக் குண்டு, சதைக்குப் பதிலாக வைத்துச் சோதிக்கும் ஜெலட்டின் கட்டியில் 12 முதல் 18 அங்குலம் வரை ஊடுருவ வேண்டும் என்ற அளவுகோலை அது வைத்தது. அந்த அளவுகோலைத் தாண்டும் எந்தக் குண்டும் ஜிப்சம் சுவர் பலவற்றைத் துளைத்துக்கொண்டு போகும். போதாக்குறைக்கு, நுனியில் குழி வைத்த ஹாலோ பாயிண்ட் குண்டின் வாயில் ஜிப்சம் தூள் அடைத்துக்கொண்டால் அது விரியாமல் சாதாரணக் குண்டு மாதிரியே பாயும். மாறாக, எடை குறைந்த வேகமான 5.56 குண்டு சுவரில் பட்டதும் புரண்டு உடையத் தொடங்குவதால், பல சோதனைகளில் 9 மி.மீ.-க்குச் சமமாகவோ அதைவிடக் குறைவாகவோதான் ஊடுருவியிருக்கிறது. ஆகவே "சுவருக்குப் பாதுகாப்பு" என்று சொல்லி யாராவது பிஸ்டல் காலிபர் கார்பைனை விற்றால் நம்பாதீர்கள். அதை வாங்கக் காரணங்கள் வேறு.

நான் செய்யச் சொல்வது இதுதான். எதையும் வாங்குவதற்கு முன், பகலில், வெறுங்கையோடு, வீட்டுக்குள் நடந்து பாருங்கள். உங்கள் படுக்கையறை வாசலிலிருந்து எந்தத் திசையில் குழந்தைகள் அறை, எந்தத் திசையில் பக்கத்து வீட்டு ஜன்னல்? எங்கள் வீடு இரண்டு தளம். மாடிப்படியின் உச்சியில் நின்று கீழ்நோக்கிப் பார்த்தால் எதிரே முன்கூடத் தரை. அதற்கு அடியில் கான்கிரீட். அந்தக் கோணம் ஒன்றுதான் எங்கள் வீட்டில் ஓரளவு மனதுக்கு ஒப்புகிறது. இடது பக்கம் திரும்பினால் மகளின் அறை. அந்தப் பக்கம் குழல் திரும்பவே கூடாது என்பதை நானும் மனைவியும் பேசி முடிவு செய்திருக்கிறோம். வெளிச்சுவரின் செங்கல் ஓரளவு தடுக்கும். ஜன்னலும் கதவும் எதையும் தடுக்காது. வீட்டுக்குள் தேடிக்கொண்டு அலைவது நம் வேலையே இல்லை. எல்லோரையும் ஒரே அறைக்குள் கொண்டுவந்து, கதவைச் சாத்தி, 911-ஐ அழைத்துவிட்டு, அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பதுதான் திட்டம். அந்தத் திட்டத்துக்குக் கார்பைன் பொருந்தும். இருட்டில் ஒரு கையால் கதவைத் திறந்து மறு கையால் குழந்தையைத் தூக்கும் திட்டத்துக்குப் பொருந்தாது.

சரி, எந்தக் கார்பைன்? இங்கே உள்ளிருக்கும் இயந்திரத்தைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் பணம் மிச்சமாகும். விலை குறைந்தவை அநேகமாக எல்லாமே புளோபேக் முறை. அதில், தோட்டாவின் பின்னால் அடைத்து நிற்கும் உலோகத் துண்டான போல்ட் எதனோடும் பூட்டப்படுவதில்லை. அதன் எடையும் பின்னால் உள்ள ஸ்பிரிங்கும் மட்டுமே வெடிப்பைத் தாங்குகின்றன. அமைப்பு எளிது, பழுதும் குறைவு. ஆனால் போல்ட் கனமாக இருந்தே ஆக வேண்டும். அந்தக் கனம் முன்னும் பின்னும் ஓடுவதால், தோட்டாவின் அளவுக்குப் பொருந்தாத ஓர் உதைப்பு தோளில் தெரியும். 9 மி.மீ. ஏஆர் ஒன்றை முதல் முறை சுடுபவர்கள் பலர், இது 5.56-ஐவிட அதிகம் உதைக்கிறதே என்று ஆச்சரியப்படுவதைப் பார்த்திருக்கிறேன். இதைத் தவிர்க்கத்தான் எம்பி5-இல் உருளைகள் வைத்து போல்ட்டைத் தாமதப்படுத்தினார்கள். சிக் சாவர் நிறுவனத்தின் எம்பிஎக்ஸில் வாயு பிஸ்டனும் சுழலும் போல்ட்டும் இருக்கின்றன. சிஎம்எம்ஜி நிறுவனம் போல்ட் தலை சற்றுச் சுழன்று விடுபடும்படி ஒரு தாமத முறை வைத்திருக்கிறது. மூன்றும் சுடுவதற்கு மென்மையானவை. எம்பிஎக்ஸ் 2,000 டாலரைத் தாண்டும். போட்டியில் இறங்குபவருக்கு அது நியாயமான செலவு. மாதம் ஒரு முறை ரேஞ்சுக்குப் போகும் குடும்பத்துக்கு, அந்தப் பணத்தில் பெரும்பங்கு தோட்டாவுக்குப் போவதே நல்லது.

மறுமுனையில், ஒஹாயோவின் மான்ஸ்ஃபீல்டில் தயாராகும் ஹை-பாயிண்ட் 995. பார்க்க அழகில்லை, மேகசினும் (தோட்டா அடுக்கும் பெட்டி) பத்துத் தோட்டாக்காரன். ஆனால் சுடும், விலையும் மிகக் குறைவு. கையில் பணம் இல்லாத ஒருவர் அதை வாங்கினால் நான் தடுக்க மாட்டேன். கெல்-டெக் சப்-2000 இரண்டாக மடிந்து ஒரு லேப்டாப் பைக்குள் போய்விடும், எடை நான்கு பவுண்டைச் சுற்றித்தான். பயணத்துக்கு அருமை. வீட்டில் உள்ள எல்லோரும் பழக வேண்டிய துப்பாக்கியாக எனக்கு அது பிடிக்கவில்லை. ஸ்பிரிங் கன்னத்துக்கு அடியிலுள்ள குழாயிலேயே ஓடுகிறது, ஒவ்வொரு சுடலுக்கும் கன்னத்தில் ஒரு தட்டு. பழைய மாடல்களில், குறிபார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் ரெட் டாட் கருவியை வைத்தால் மடக்கவும் முடியாது. மூன்றாம் தலைமுறையில்தான் அதற்கு வழி செய்தார்கள். பக்கவாட்டில் மடியும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் எஃப்பிசி 2023-இல் வந்தது. அதில் அந்தச் சிக்கல் இல்லை. பெரெட்டா சிஎக்ஸ்4 ஸ்டார்ம், 2003-இல் வந்தது, உருவத்தில் விண்வெளிப் படத்துப் பொருள் மாதிரி இருந்தாலும் ஒரு விஷயத்தில் மற்றவற்றைவிட மேல்: தோட்டாக் கூடு வெளியேறும் பக்கத்தையே இடதுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஹென்றியின் ஹோம்ஸ்டெடரும் 2023-இல் வந்ததுதான். வால்நட் கட்டை, பழைய ரைஃபிளின் தோற்றம். பிளாஸ்டிக் வேண்டாம் என்பவர்கள் அவசியம் கையில் எடுத்துப் பார்க்க வேண்டியது.

நாங்கள் எடுத்தது ரூகர் பிசி கார்பைன். போலீஸ் கார்பைன் நின்றுபோய் பத்து வருடம் கடந்தபின், 2017 டிசம்பர் கடைசியில் ரூகர் அந்த யோசனையைத் திரும்ப எடுத்தது. இந்த முறை பொதுமக்களுக்கு. இதுவும் புளோபேக்தான். ஆனால் போல்ட்டுக்குள் ஒரு டங்ஸ்டன் எடை நழுவியபடி இருந்து, போல்ட் முட்டும் அதிர்ச்சியை விழுங்கிவிடுகிறது. எடை ஏழு பவுண்டை ஒட்டி வருவதால் உதைப்பு இன்னும் தணிகிறது. என் மனைவி இடக்கைக்காரர். போல்ட் கைப்பிடியையும் மேகசின் பட்டனையும் இடப்பக்கம் மாற்றிக்கொள்ள முடிந்தது எங்களுக்குப் பெரிய விஷயம். கூடு வலப்பக்கம்தான் தெறிக்கும். அது அவர் முகத்துக்கு முன்னால் போனாலும் மேலே படுவதில்லை. குழலையும் உடலையும் சில நொடியில் பிரித்துப் பையில் போடலாம்.

ஆனால் தீர்மானித்தது மேகசின். எங்களிடம் ஏற்கெனவே ஒரு கிளாக் 17 இருந்தது. ரூகரின் மேகசின் துளையை மாற்றிப்போட்டால் கிளாக்கின் மேகசினே அதில் பொருந்தும். பிஸ்டலோடு வந்த மேகசின்கள், மலிவாகக் கிடைக்கும் கூடுதல் மேகசின்கள், எல்லாம் இரண்டுக்கும் பொது. பிசிசி, அதாவது பிஸ்டல் காலிபர் கார்பைன், வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் ஒரே உறுதியான விதி இதுதான்: உங்களிடம் இருக்கும் அல்லது வாங்கப் போகும் பிஸ்டலின் மேகசினில் ஓடும் கார்பைனை எடுங்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் எம் அண்ட் பி பிஸ்டல் இருந்தால் எஃப்பிசி, பெரெட்டா 92 இருந்தால் சிஎக்ஸ்4. இந்த ஒரு கேள்வியே பட்டியலைப் பாதியாகக் குறைத்துவிடும்.

சட்டம் பற்றிச் சில வரிகள், நம்மவர்களுக்கு மிகத் தேவையானதை முதலில் சொல்கிறேன். எச்-1பி போன்ற குடியேறாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது பொதுவாகக் கூட்டாட்சிக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அந்த விலக்கை வைத்து வீட்டுப் பாதுகாப்புக்கு வாங்கப் போகிறவர் வழக்கறிஞரைக் கேட்காமல் ஓர் அடிகூட எடுக்கக் கூடாது, ஏனென்றால் குடியேற்ற விண்ணப்பமே ஆட்டம் காணும். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. கடையில் ஃபார்ம் 4473 நிரப்புவீர்கள், எஃப்பிஐ-யின் பின்னணிச் சோதனை நடக்கும். உரிமம் பெற்ற கடையில் ரைஃபிளுக்குக் கூட்டாட்சி வயது வரம்பு 18, கைத்துப்பாக்கிக்கு 21.

குழல் 16 அங்குலத்துக்குக் குறையவே கூடாது, மொத்த நீளம் 26 அங்குலத்துக்கும். குறைந்தால் 1934-ஆம் வருடத்து என்எஃப்ஏ என்ற கூட்டாட்சித் துப்பாக்கிச் சட்டத்தில் பதிவு செய்ய வேண்டியதாகிவிடும். அந்தப் பதிவுக்கான 200 டாலர் வரி 2026 ஜனவரியிலிருந்து பூஜ்யம் ஆகிவிட்டது, ஆனால் பதிவு பதிவுதான். கடையில் கண்ணைப் பறிக்கும், எம்பி5-இன் பொதுமக்கள் வடிவமான எஸ்பி5 போன்ற குட்டை ரகங்கள் பிஸ்டலாக விற்கப்படுகின்றன. அதில் தோள் கட்டையை மாட்டியதும் அது பதிவு செய்தே ஆக வேண்டிய குட்டை ரைஃபிள். முதல் முறை வாங்குபவர் 16 அங்குலத்தோடு நின்றுகொள்வதே நிம்மதி. டெக்சாஸில் மேகசின் அளவுக்குக் கட்டுப்பாடு இல்லை. கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி, நியூ யார்க்கில் பத்துத் தோட்டாதான். கட்டையின் வடிவம், குழல் முனையின் திருகு மரை வரை அங்கே விதி உண்டு. மாநிலம் மாறிப் போகும்போது இதைப் பார்க்காமல் காரில் எடுத்துப் போகாதீர்கள்.

வாங்கிய பிறகு இரண்டு பொருள் அவசியம். ஒன்று, நல்ல டார்ச். யாரென்று தெரியாமல் சுடுவது மன்னிக்க முடியாதது. தண்ணீர் குடிக்க எழுந்த மகனும், ஊரிலிருந்து வந்து நேரம் மாறித் தூங்காமல் உலவும் அப்பாவும் இருட்டில் வெறும் நிழல்தான். ஆனால் துப்பாக்கியில் மாட்டிய விளக்கை யார் மீதும் நேராகப் பிடித்துப் பார்க்கக் கூடாது. தரையில் அடித்தாலே அறை முழுக்க வெளிச்சம் வரும். இரண்டாவது, ரெட் டாட். அது குழலுக்கு இரண்டு அங்குலம் உயரத்தில் உட்கார்ந்திருக்கும். 50 கெஜத்தில் சரிசெய்த துப்பாக்கி 100 கெஜத்தில் ஐந்தாறு அங்குலம் கீழே அடிக்கும். வீட்டுத் தூரமான ஐந்து கெஜத்திலும், அந்த உயர வித்தியாசத்தால், புள்ளிக்குக் கீழேதான் அடிக்கும். இதைக் காகிதத்தில் சுட்டுப் பார்த்துத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ரேஞ்சில் இது எவ்வளவு சந்தோஷமான துப்பாக்கி என்பதைச் சொல்லாமல் விட முடியாது. 5.56-ஐ அனுமதிக்காத உள்ளரங்க ரேஞ்சுகள் பலவற்றில் 9 மி.மீ. கார்பைனுக்கு இடம் உண்டு. எஃகுத் தட்டை ரைஃபிளால் சுட 100 கெஜம் தள்ளி நிற்க வேண்டும், 9 மி.மீ.-ஆல் பத்து கெஜத்திலிருந்தே சுடலாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மட்டும் கட்டாயம். சுட்டதும் டிங் என்று பதில் வரும் அந்த இன்பம் காகிதத்தில் கிடையாது. யுஎஸ்பிஎஸ்ஏ என்ற அமைப்பின் துப்பாக்கிப் போட்டிகளில் 2016-இலேயே பிசிசி தனிப் பிரிவாக வந்துவிட்டது. புதியவர்களுக்கு நான் சொல்வது ஸ்டீல் சேலஞ்ச். ஒவ்வொரு களத்திலும் ஐந்து தட்டு, பெரும்பாலும் ஓட்டம் கிடையாது, உறையிலிருந்து உருவும் வேலை கிடையாது. துப்பாக்கியைத் தாழ்த்திப் பிடித்து நின்று, மணி அடித்ததும் சுட வேண்டும். பதினான்கு வயதுப் பிள்ளைகளும் எழுபது வயதுக்காரர்களும் ஒரே குழுவில் சுடுவதைப் பார்க்கலாம். பாதுகாப்பு விதிகளை இங்கே கற்றுக்கொள்வது போல வேறெங்கும் கற்க முடியாது. குழல் தவறான பக்கம் திரும்பினால் அந்த நொடியே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

காதுக்கு மேல்கவசமும் உள்ளே நுரைத் தக்கையும் இரண்டும் போடுங்கள். 9 மி.மீ.-உம் காதைக் கெடுக்கும் அளவைத் தாண்டியதுதான். 147 கிரெய்ன் தோட்டா பெரும்பாலும் ஒலி வேகத்துக்குக் கீழே போவதால், நீளக் குழலில் சத்தம் ஓரளவு குறையும், ஆனால் காதைக் கெடுக்கும் அளவுக்குக் கீழே போகாது. பூட்டிய அறைக்குள் சுட நேர்ந்தால் அந்தச் சிறு வித்தியாசமும் உதவும். வீட்டுக்கு நாங்கள் அதையே வைத்திருக்கிறோம். சுட்டு முடித்ததும் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கையும் முகமும் கழுவி, உடைகளைத் தனியாகத் துவையுங்கள். பிரைமரில் ஈயம் இருக்கிறது, வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இதில் சோம்பல் கூடாது.

பூட்டு விஷயத்தில் டெக்சாஸ் சட்டம் தெளிவு: தோட்டா போட்ட துப்பாக்கியைப் பாதுகாக்காமல் விட்டு, அது 17 வயதுக்குக் குறைந்தவர் கைக்குக் கிடைத்துவிட்டால் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அலமாரிக்கு மேல், கட்டிலுக்கு அடியில் என்ற பேச்சே வேண்டாம். பட்டன் எண் அடித்துத் திறக்கும் எஃகுப் பெட்டியைப் படுக்கையறைச் சுவர்ச் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்குங்கள். கார்பைன் நிற்கும் அளவுக்கு உயரமான பெட்டி வேண்டும், அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். குழலின் பின்னுள்ள சேம்பருக்குள் தோட்டா ஏற்றாமல், நிரப்பிய மேகசினோடு வைப்பது எங்கள் வழக்கம், ஏனென்றால் புளோபேக் துப்பாக்கிகள் சிலவற்றில், சேம்பரில் தோட்டா இருந்தால், கீழே விழுந்த அதிர்ச்சியில் அது வெடிக்கும் வாய்ப்பு உண்டு.

கடைசியாக, வீட்டுக்கு வைக்கும் ஹாலோ பாயிண்ட் தோட்டாவை வாங்கிப் பெட்டியில் அடுக்கிவிட்டு நிம்மதியாகப் போய்விடாதீர்கள். அதன் தட்டை மூக்கு சில கார்பைன்களில், மேகசினிலிருந்து தோட்டா ஏறிப்போகும் சரிவில் முட்டி நிற்கும். எங்கள் ரூகரில் ஒரு பிராண்டு அடிக்கடி சிக்கியது, இன்னொன்று ஒரு முறைகூடச் சிக்கவில்லை. உங்கள் துப்பாக்கி, உங்கள் மேகசின், நீங்கள் வைக்கப் போகும் அதே தோட்டா, மூன்றையும் சேர்த்து ஒரு இருநூறாவது சுட்டுப் பாருங்கள். ஒன்று சிக்கினாலும் தோட்டாவை மாற்றிவிட்டு முதலிலிருந்து ஆரம்பியுங்கள். ஹாலோ பாயிண்ட் விலை அதிகம்தான், இருந்தாலும் கார்பைனுக்கு ஒதுக்கும் பணத்திலேயே இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.